எண்ணும் நாள்

தொல்மெத்ஸோ ஆஸ்பத்திரியின் நிலவறையில்
கொதிகலனுக்கு அடுத்த அறை என்னுடையது.
ஜனவரி ஒன்றாம் தேதி
கார்னியாவின் இந்தப் பள்ளத்தாக்குகளில்
நரம்பின் உறை உரிந்துபோகும் நோயோடு
எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள்
என்று நான் சொல்ல வேண்டும்.
ஓர் எண். கீழே ஒரு கையெழுத்து.

பழைய விதித்தாள் கறார்.
மூன்று நரம்புகளில் மின்சாரம் தயங்கவேண்டும்,
தண்டுவட நீரில் புரதம் ஏறவேண்டும்,
கெண்டைக்காலில் ஒரு நரம்புத் துணுக்கை வெட்டி
மெழுகில் பதித்திருக்கவேண்டும்.
அதன்படி ஏழு பேர்.

புதிய தாள் தாராளம்.
இரண்டு நரம்பு போதும், துணுக்கு வேண்டாம்.
முதுகில் ஊசி என்றதும் எழுந்து ஓடியவரையும்
‘இருக்கலாம்’ என்ற பெஞ்சில் உட்காரவைக்கிறது.
அதன்படி பத்தொன்பது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்
பதின்மூன்று பேர் உள்ளே வந்தார்கள்,
ஒருவர் வெளியேறினார்.
யார் காலும் அதற்காக
ஒரு விரல்கடை கூடுதலாய் மரத்துப்போகவில்லை.

வெளியேறியவர் எர்மெஸ் சனியெர், கல் உடைப்பவர்.
ஆறு வருடமாக ஊசி மருந்து.
இப்போது நரம்புகள் ஒழுங்காகப் பேசுகின்றன,
அதனால் தாளுக்கு அவர் மேல் சந்தேகம்:
மருந்தை நிறுத்திப் பார், விழுந்தால் எழுதிக்கொள்.
போனில் சொன்னேன்.
சுத்தியல் சத்தம் நின்றது.
“நான் விழமாட்டேன் அம்மா.
வேண்டுமானால் என்னை எண்ணாதே.”

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவில்,
வேறொரு தாள் வைத்து எண்ணுகிறார்கள்.
அங்கே நோய் பாதிதானாம்.
அந்த மலைக்காற்று நல்லது என்று
நம்மூர் பத்திரிகை ஒன்று பத்தி எழுதியது.
வெட்டி வைத்திருக்கிறேன்,
சிரிக்கவேண்டிய நாட்களுக்கு.

தார்சீசியோ மொரோகுத்தி
மாதா கோவிலில் ஆர்கன் வாசித்தவர்.
இரண்டு தாளுக்கும் பொருந்தியவர் அவர்போல் இல்லை:
ஒவ்வொரு கட்டத்திலும் சரி, சரி, சரி.
டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்றே கால்,
புத்தாண்டு மணிக்குக் கயிறு பிடிக்க
ஆட்கள் படியேறிக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.
எந்த எண்ணிலும் அவர் இல்லை.
அவர் துணுக்கு மட்டும்
மூன்றாவது இழுப்பறையில், மெழுகுக்குள்,
இன்னும் நோயாக இருக்கிறது.

ஓந்தீனா புந்தெல், பலூத்ஸாவின் தபால்காரி.
பிரேக் காலடியில்தான் இருக்கிறதா என்று
குனிந்து பார்த்தால்தான் நம்புவாள்.
ஒருமுறை வெல்வெட் செருப்பு கழன்றது தெரியாமல்
பனியில் தெருக்கோடிவரை நடந்திருக்கிறாள்,
ரொட்டிக்கடை நாய் அதைக் கவ்விக்கொண்டு
பின்னால் ஓடி வரும்வரை.
அவள் மூன்றாவது நரம்பு
கோட்டைவிட வினாடிக்கு அரை மீட்டர் வேகம்.
அந்த அரை மீட்டருக்காக நாலு வருடம்
அவள் கோப்பின்மேல் ‘காரணம் தெரியாத களைப்பு’.
அதற்கு முந்தைய டாக்டர்
‘விதவை’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

டைரக்டர் கேட்டார்: எந்த எண்ணை அனுப்புகிறாய்?
மருந்துக் குளிர்பெட்டி ஏழு பேருக்கு அளவெடுத்தது.
பத்தொன்பது என்றால் மேலே கேள்வி வரும்,
பள்ளத்தாக்கில் நோய் பரவுகிறதா என்று.
பரவவில்லை ஐயா,
பென்சிலை மாற்றியிருக்கிறோம் என்றேன்.
அவருக்குப் பிடிக்கவில்லை.
எனக்கும் முழுக்கப் பிடிக்கவில்லை:
பத்தொன்பதில் இரண்டு பேர்
வெறும் சர்க்கரைக் காலாக இருக்கலாம்,
அவர்களுக்கு நான் வீணாய் ஒரு பெயர் கொடுத்திருக்கலாம்.
பத்தொன்பது என்று எழுதினேன்.
எந்தத் தாள், எந்த வருடம் என்று அடியில் எழுதினேன்,
யாரும் படிக்காத அளவு எழுத்தில்.

மார்ச்சில் ஓந்தீனாவின் மருந்துக்கு அனுமதி வந்தது,
பதிவுத் தபாலில்.
பைக்குள் தன் பெயரைப் பார்த்தவள்
வரிசை மாறக்கூடாது என்று
முதலில் மேல்தெரு, பிறகு ஆலைச் சந்து,
பிறகுதான் தன் வீடு.
கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து,
பெற்றவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.
ரசீதின் நகல் என் கோப்பில் இருக்கிறது.
இரண்டாவது கொஞ்சம் கோணல்.